உப்புத்துரை பங்களாவின் ஓடுகள்

மக்கா, போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். வைத்த பிறகு, கேட்ட பாதியை மட்டும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, சபையில் கல்யாண அறிவிப்பாக உன் பெயரையும் அனிஷா பெயரையும் சேர்த்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற புத்திமதிகள் வேறு. மனைவியிடம் குரலை உயர்த்தாதே, அவள் வீட்டாரைப் பற்றி அவள் முன்னால் பேசாதே என்பதெல்லாம் உனக்கு எங்கள் இருவரையும் பார்த்தே தெரிந்திருக்கும், எப்படி இருக்க வேண்டும் என்பதும் எப்படி இருக்கக் கூடாது என்பதும். நான் எழுதப்போவது ஒரு பழைய வீட்டின் கூரை ஓடுகளைப் பற்றி. பொறுமையாக வாசி. பேச்சு கடைசியில் உன்னிடம்தான் வந்து நிற்கும்.

எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சொல்வாய். உன் அப்பாவும் சிரித்துக்கொண்டு ஆமாம் போடுவார். நான் மறுக்கவில்லை. ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரி லேபில் கழித்தவள் நான். தனக்குச் சர்க்கரையே கிடையாது என்று சத்தியம் செய்வான் ஒருவன், அவன் ரத்தம் வேறு சொல்லும். டைபாய்டாகத்தான் இருக்கும் என்று டாக்டரே எழுதி அனுப்புவார், கண்ணாடித் தகட்டில் மலேரியா உட்கார்ந்திருக்கும். அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. ஆனால் வாய் சொன்னதை வைத்து ரிசல்ட் எழுத முடியாது. என்னிடம் வேலை படிக்க வந்த பெண்பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சந்தேகம் தீருகிறவரை சாம்பிளைக் கொட்டாதே. ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பங்களாவுக்காக நான் வெயிலில் அலைந்ததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

உப்பளத்துப் பக்கம் போகும்போது புதருக்குள் ஒரு கூரை தெரியும், பாம்பு இருக்கும் என்று உன்னை அந்தப் பக்கம் விடமாட்டேன், நினைவிருக்கும். அதுதான் உப்புத்துரை பங்களா. திருவிதாங்கூர் ராஜா காலத்தில் உப்பளங்களை மேற்பார்க்க இருந்த வெள்ளைக்காரனின் வீடு. காயலுக்கும் உப்புப் பாத்திகளுக்கும் நடுவில் ஒரு மேட்டில் நிற்கிறது. மேற்கே பார்த்து நீளமான வராந்தா. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எல்லாப் பாத்தியும் கண்ணில் படும். பின்கட்டில் ஜன்னலே இல்லாத ஒரு அறை உண்டு. மடியில் உப்பு கட்டிக்கொண்டு போனவர்களைப் பிடித்து அதில் அடைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அது வெறும் கிடங்கு, அந்தத் துரை காலரா சமயத்தில் கஞ்சி ஊற்றிய நல்லவன் என்று இன்னொரு பேச்சு. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தி, "எங்க ஆளுகளப் பூட்டி வச்ச வீட்டுக்கு நீங்க சுண்ணாம்பு அடிக்கியளாக்கும்?" என்று கேட்டார். "பூட்டினானா இல்லியான்னு பாக்கணும்னா அந்த அறை நிக்கணும்லா?" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, "அதுவும் ஒரு ஞாயந்தான்" என்று போனார்.

வரலாற்று மன்றத்தைத் தொடங்கியது ஸ்டெல்லா என்பது உனக்குத் தெரியும். காலேஜில் சரித்திரம் எடுத்தவள், வெளியே வந்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. என்னையும் இன்னும் கொஞ்சம் ஓய்வுபெற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை தோறும் போய்ப் புதர் வெட்டினோம், வௌவால் எச்சத்தைச் சுரண்டினோம், உடைந்த ஓடுகளை மாற்றினோம். வீடு திருவனந்தபுரத்தில் இருக்கிற ஒரு வயதான டாக்டரம்மாவுக்குச் சொந்தம். அவர் அப்பா வாங்கிப் போட்டது. முதலில் சாவி தரும்போதே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வீடு நேரே நிக்கது வர நீங்க பாத்துக்கோ. ஆளுக மேல விழும்னு ஆச்சுன்னா நான் வித்துருவேன். கேசு நடத்த எனக்கு இனி ஆயுசில்ல." ஆக, வீடு விழும் என்று ஆகிவிட்டால் யாருக்கு லாபம் என்று அன்றைக்கே நான் யோசித்தேன். காயலோரத்து மேடு. ரிசார்ட் கட்டுகிறவர்கள் கன்னியாகுமரியில் இடம் போதாமல் இந்தப் பக்கம் வர ஆரம்பித்திருந்தார்கள்.

நான் ஷிப்டுக்கு ஓடிய நாட்களில் உனக்குச் சோறூட்டியவள் ஸ்டெல்லா. அவள் மகள் ஜெனியும் நீயும் அவள் வீட்டில் ஒரே பாயில்தான் தூங்குவீர்கள். அனிஷா சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் அவளே. அப்பா மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர், ஒரே மகள், பிசியோதெரபி படித்த பெண், குணமான வீடு என்றாள். பார்த்தோம், பிடித்தது, நிச்சயமும் நடந்தது. நிச்சயம் முடிந்த கையோடு அவளே அனிஷாவின் அப்பா வில்சனை மன்றத்துக்கும் கூட்டி வந்தாள். அங்கேதான் என் தலைக்குள் முதல் கேள்வி விழுந்தது. நாற்பது மாடி கட்டின இடத்தில் நின்ற மனிதருக்கு இந்த ஓட்டு வீட்டில் என்ன அக்கறை? அவர் அதிகம் பேசமாட்டார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார், தரையில் குனிந்து எதையோ பார்ப்பார். ஒரு சனிக்கிழமை, "பின்கட்டுக்கு இப்பம் யாரும் போகாண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "சும்ம, ஒரு பாதுகாப்புக்கு" என்றார். சும்மா என்ற வார்த்தையை நான் லேபில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

போகாதே என்றால் போகிறவள்தானே நான். போய்ப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. காற்றடித்து ஓடு விழுந்திருந்தால் கீழே உடைந்து கிடக்க வேண்டும். குரங்கு தள்ளினாலும் அப்படித்தான். தரையில் ஒரு சில்லுகூட இல்லை. மேலே ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன, நடுவில் கை நுழைகிற அளவுக்கு வானம். அதுவும் உத்தரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்துக்கு நேர் மேலே. மழை பெய்தால் தண்ணீர் அந்த மர முனையில் விழும், அங்கிருந்து சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கும். கூரையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கை செய்த வேலை. அடுத்த வாரம் பார்த்தபோது அந்த ஓடுகள் சரியாக இருந்தன, வேறொரு மூலையில் விலகியிருந்தன. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம், உப்பளத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தனியாகப் போனேன். பின்கட்டுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. அதன் மேல் வில்சன் நின்றார், கையில் ஓடு. என்னைப் பார்த்ததும் மெதுவாக இறங்கினார்.

"என்னத்துக்கு இங்க, இந்த வெயில்ல?" என்றேன்.

"சும்ம பாத்தேன் அக்கா" என்றார். கண்ணைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குக் காது வழியாக வந்ததுதான் தெரியும். சனிக்கிழமை எல்லாரும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, பார்த்ததைச் சொன்னேன். ஓடு தானாக விலகவில்லை, யாரோ விலக்குகிறார்கள், இவர் கையில் ஓட்டோடு நின்றதை நான் கண்ணால் கண்டேன் என்றேன். சம்பந்தி என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன். வில்சன் கிளாஸைக் கீழே வைத்தார். "அக்கா, நான் அந்த ஓட்ட எடுக்கல்ல" என்றார். "பொறவு யாரு எடுத்தா?" என்று கேட்டேன். தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வந்திருக்கும். அவர் தெரியாது என்று சொல்லவில்லை. காயல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுட்டி, நாளைக்கு உனக்க மகன் போற வீடாக்கும்" என்றாள். வில்சன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு மன்றத்துக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். நீ என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு? அவருட்ட போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாய். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியும்மா. விடுங்க" என்றாய். நம்புகிறேன் என்று சொல்லவில்லை, தெரியும் என்று சொன்னாய். அந்த வார்த்தையை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை மோகத்தில் பேசுகிறாய் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா மட்டும், சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னது சரின்னா இந்தக் கல்யாணம் நடக்காண்டாம். தப்புன்னா, கல்யாணத்துக்கு நீ எந்த மொகத்தோட போவ?" வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினவர், திருப்பத்தை முன்கூட்டியே பார்த்துவிடுவார்.

ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. இத்தனை அவமானத்துக்குப் பிறகும் ஒரு மனிதர் பொறுத்துப்போகிறார் என்றால் அவருக்குள் என்ன இருக்கிறது? இதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் பெய்த பிறகு ஒரு சனிக்கிழமை பார்த்தபோது பின்கட்டுச் சுவர் அடிவரை நனைந்து, சுண்ணாம்பு உப்பி, தொட்டால் மாவாகக் கொட்டியது. உத்தர முனையில் விரலை வைத்தால் உள்ளே போனது. அந்த ஈரச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு நான் யோசித்தேன். வில்சன் வந்துபோன மாதங்களிலும் மழை பெய்தது, ஓடு விலகியதும் உண்மை, ஆனால் சுவர் ஒரு தடவையும் நனையவில்லை. அவர் வராமல் நின்ற பிறகுதான் நனைந்தது. ஒன்றை நிறுத்தியதும் நோய் கூடுகிறது என்றால், நிறுத்தியது விஷமாக இருக்க முடியாது. அது மருந்து. முடிவுக்கு வரவில்லை. இன்னொரு சாம்பிள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் அனிஷா வந்தாள். தூறலில் நனைந்து, வண்டியை வாசலில் போட்டுவிட்டு நின்றாள். துண்டு கொடுத்தேன், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாமி, நான் இங்க வந்தது அப்பாக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது" என்றாள். அவர், இவரு என்றதெல்லாம் உன்னை.

"இரி மோளே, முதல்ல தலையத் துவட்டு" என்றேன்.

"இல்ல மாமி, சொல்லிட்டு இருக்கேன். அப்பா ஓட்ட எடுக்கல்ல. எடுத்த ஓட்டத் திருப்பி வைக்கத்தான் போனாவ. ஒவ்வொரு தடவையும்."

"அப்பம் எடுத்தது யாரு?"

"ஸ்டெல்லா ஆன்ட்டிக்க மருமவன். அப்பா ரெண்டு கண்ணாலயும் பாத்தாவ."

"இத உனக்க அப்பா அண்ணைக்கு ஏன் சொல்லல்ல? அத்தன பேருக்கு முன்னால நான் அப்படிக் கேட்டேனே."

அவள் தரையைப் பார்த்தாள். "அப்பா முதல்ல எனக்கிட்ட சொன்னாவ. நான் இவருட்ட சொன்னேன். இவரு அப்பாக்கு போன் போட்டு, கல்யாணம் முடியட்டும் மாமா, நானே வந்து பேசிக்கிறேன், இப்பம் அம்மாக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க, ஜெனிக்க வாழ்க்கை போயிரும்னாரு. அப்பா வாக்குக் குடுத்துட்டாவ."

"நான் அவரக் கள்ளன்னு சொன்னப் பொறவுமா?"

"அண்ணைக்கு நான் இவருட்டச் சண்ட போட்டேன் மாமி. இன்னும் கொஞ்ச நாளுதானேன்னாரு." சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். "எனக்க அப்பா வீட்டுல யார்ட்டயும் பேசாம இருக்காவ. எனக்குப் பாக்க முடியல்ல."

மக்கா, இதை வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் சைக்கிள் களவு போய்விட்டது என்று வந்து நின்றாயே, அதே முகம். சைக்கிள் களவு போகவில்லை, உன் கூட்டுக்காரன் ஓட்டிப் பள்ளத்தில் விட்டு உடைத்திருந்தான், அவன் அப்பா அடிப்பார் என்று நீ மறைத்தாய். அதைக் கண்டுபிடித்தபோது எனக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகம். பிள்ளைக்கு இரக்கம் இருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு அந்தப் பொய்யால் சந்தேகப்பட்டு நாங்கள் யாரைக் கேட்டோம் தெரியுமா? தெருவில் பழைய இரும்பு எடுக்க வந்தவனை. அவனை உன் அப்பா நிறுத்தி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். நீ ஒருவனைக் காப்பாற்றுகிறபோதெல்லாம் இன்னொருவன் மூட்டையை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

அனிஷா சொன்னதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்காக மகள் பேசுகிறாள், அது வாய்ச்சொல்தானே. மழை வெறித்த ஒரு நாள், மத்தியானத்துக்கு முன்பே போய்ப் பங்களாவுக்குள் உட்கார்ந்தேன். மன்றத்து ஆட்கள் அன்றைக்கு வரமாட்டார்கள் என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியும், அவளிடம் நானே சொல்லியிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தபோது ஓட்டோடு ஓடு உரசுகிற சத்தம் கேட்டது. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் மருமகன் பிரதீஷ் புதருக்குள் ஒளித்து வைத்திருந்த ஏணியில் நின்றான்.

"ஓடு சரி பண்ணத்தான் ஏறினேன் மாமி" என்றான்.

"சரி பண்ணுறதுக்கு ஏம்லே ஓடு கையில இருக்கு?"

அதற்குமேல் அவன் மறைக்கவில்லை. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டான். "இந்த வீடு விழுந்தா யாருக்கு நட்டம், சொல்லுங்க? வெள்ளக்காரன் போயாச்சு. டாக்டரம்மாக்கு வேண்டாம். இந்த எடத்துக்கு நான் ஒரு ரிசார்ட் பார்ட்டிக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீங்க கொஞ்சம் பேரு சனிக்கிழம டீ குடிக்கதுக்கு இத்தன பெரிய எடமா?"

அவனிடம் நான் வாதம் செய்யவில்லை. நேரே பஸ் ஏறி நாகர்கோவிலில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள், நான் கேட்காமலே பேசினாள். ஜெனியை அவன் ஏற்கெனவே திருப்பி அனுப்பப் பார்த்தது எனக்குத் தெரியாது. இந்த இட வியாபாரம் முடிந்தால் அவளை நன்றாக வைத்துக்கொள்வேன் என்றானாம். எந்தெந்த நாளில் நாங்கள் அங்கே இருக்கமாட்டோம் என்று அவனுக்குச் சொன்னது ஸ்டெல்லாதான். "எனக்க இடத்துல நீ இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டாள். அவள் அடுத்துச் சொன்னதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது. "ஓடு வெலகினா நீ கண்டுபிடிப்பன்னு எனக்குத் தெரியும்ட்டி. அதான் வில்சனக் கூட்டிட்டு வந்தேன். புதுசா ஒரு ஆளு வந்தா நீ அந்த ஆளத்தான் பாப்ப."

இத்தனை வருடம் என் பக்கத்தில் இருந்தவள், என் சந்தேகத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். இதை நீ மனதில் வைத்துக்கொள். எதையும் நம்பாதவளை ஏமாற்ற முடியாது என்று நான் நினைத்திருந்தேன். அவளைப் போல ஏமாற்றச் சுலபமான ஆள் கிடையாது. அவள் பார்ப்பதற்கு ஒரு ஆளைக் காட்டிவிட்டால் போதும், மற்றப் பக்கமெல்லாம் இருட்டாகிவிடும். ஓடு விலக்கப்படுகிறது என்ற என் சந்தேகம் சரி. ஆள் மட்டும் மாறிப்போயிற்று. ஆளை மாற்றிக் காட்டியவள் ஸ்டெல்லா. மாறித்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அப்படியே விட்டவன் நீ.

டாக்டரம்மாவுக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்தால் மன்றத்தில் இன்னொரு ஓடு விலகும். அவர் காரில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுவரை நடந்து, ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இது விழுமோ?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும் என்றேன். உன் அப்பாதான் போய் வில்சனை அழைத்து வந்தார். எல்லாரும் இருந்தார்கள், ஸ்டெல்லாவைத் தவிர. வில்சன் அறைக்குள் போய் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார். "இந்த ஒரு முனை போச்சு அம்மா. வெட்டி வேற மரம் சேக்கணும். மத்ததெல்லாம் நிக்கும். நான் நிப்பாட்டித் தாறேன்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப நிக்கட்டும்" என்றார். விற்கவில்லை. அத்தனை பேர் முன்னால் எந்த வாயால் சொன்னேனோ அதே வாயால், வில்சன் மேல் நான் சொன்னது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கையை ஆட்டி, "அத விடுங்க அக்கா. அடுத்த மழைக்கு முன்ன சாரம் கட்டணும்" என்றார். இப்போது பங்களாவின் வாசலிலும் பின்கட்டிலும் இரட்டைப் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி என்னிடம். ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. நான்தான் அப்படிக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சரி என்றார்.

நீ பயந்தது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஜெனி குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்டெல்லா என்னோடு பேசுவதில்லை. பத்திரிகை கொண்டுபோனால் கதவைத் திறப்பாளோ என்னவோ, கொண்டுபோவேன். ஆனால் ஜெனி வந்தாள். நம் வீட்டுச் சமையல்கட்டில் நின்றுகொண்டு, "எனக்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள். "கூரையப் பிரிச்சுத்தான் நான் வாழணும்னா அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்னு அண்ணைக்கே சொல்லியிருப்பேன்." அவளுடைய வாழ்க்கைக்காக அவள் அம்மா மறைத்தாள், நீ மறைத்தாய், வில்சன் பழி சுமந்தார். அவளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இரக்கத்துக்கு இப்படி ஒரு திமிர் உண்டு, மக்கா. யாருக்காக மறைக்கிறோமோ அவர்களைச் சின்னப் பிள்ளையாக்கிவிடும். உன் மனைவியிடம் இதைச் செய்துவிடாதே. அவளுக்கு நல்லது என்று நீயே தீர்மானித்து எதையாவது மூடிவைத்தால், அவள் கண்டுபிடிப்பாள். தூறலில் நனைந்துகொண்டு வந்து என் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் சொன்னாள். நீ அவளைக் கட்டிக்கொள்வதில் எனக்கு இனி ஒரு சந்தேகமும் இல்லை. என் சந்தேகமெல்லாம் உன்னைப் பற்றித்தான்.

சாரம் கட்டிய நாள் வில்சனும் நானும் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மெதுவாகக் கேட்டேன்: "ஓட எடுத்தது பிரதீஷ்தான்னு உங்களுக்குத் தெரியும்லா? எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" மகள் வந்து என்னிடம் சொன்னது அவருக்கு இன்றுவரை தெரியாது. "எனக்கு அப்பம் தோணல்ல அக்கா" என்றார். "வயசாச்சுல்லா." ஊர் முன்னால் கள்ளனாக நின்றபோதும் சொல்லவில்லை. எல்லாம் வெளியே வந்து, நான் மன்னிப்பும் கேட்ட பிறகும் சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கை எனக்கு முன்னால் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார், தன்னை மறதிக்காரன் என்று சொல்லிக்கொண்டு. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. அது நான் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்திறங்கலாம் என்று இருக்கிறாய் என்று அப்பா சொன்னார். அப்படி வராதே. ஒரு வாரம் முன்பே வா. வந்ததும் அவர் வீட்டுக்குப் போ. நான் உன்னோடு வரமாட்டேன். அவர் மகளும் மனைவியும் கேட்க, இந்த மனிதரைப் பேசாமல் இருக்கச் சொன்னது நான்தான் என்று உன் வாயால் சொல். அவர் அதெல்லாம் வேண்டாம் என்பார். நீ சொல்லிமுடி. அதற்குப் பிறகு சனிக்கிழமை மன்றத்துக்கு வந்து, வராந்தாவில் எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை சொல். அவர் பெயர் கெட்டது அங்கேதான்.

இவ்வளவு எழுதியும் என் கையே இதைத் தபாலில் போடுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் ஒட்டியதும் அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் போட்டுவிட்டு வந்து சொல்வார்.

உன் அம்மா